நீக்கப்படக் கூடாத கோப்புறைகள்: விண்டோஸின் ‘டெலீட்’ தடை ஒரு மதிப்பீடு

கணினியில் முக்கியமான கோப்புறை ஒன்று கைதவறி அழிந்துவிடாமல் காக்க எந்த மென்பொருளை வாங்கலாம் என்று கேட்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் ஒரு வசதியைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. ஒரு கோப்புறையின் மீது யாருக்கு என்ன உரிமை என்பதை வரையறுக்கும் அனுமதிப் பட்டியலில் ‘டெலீட்’ என்று தனியாக ஓர் உரிமை இருக்கிறது. அதை மட்டும் மறுத்துவிட்டால், கோப்புறையைத் திறக்கலாம், உள்ளே எழுதலாம், சேமிக்கலாம், ஆனால் கோப்புறையையே தூக்கி எறிய முடியாது. 1993-இல் விண்டோஸ் என்டி 3.1-உடன் வந்த என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையின் பகுதி இது. 2001-இல் வந்த எக்ஸ்பி வழியாக வீட்டுக் கணினிகளுக்கும் பரவிய பிறகு, இன்று விண்டோஸ் 11 ஹோம் பதிப்பில்கூட எந்தக் கட்டணமும் இல்லாமல் கிடைக்கிறது. இத்தனை பழைய வசதி இத்தனை குறைவாகப் பயன்படுத்தப்படுவதற்குக் காரணம் அது மறைந்து கிடக்கும் இடமும், தவறாக அமைத்தால் அது கொடுக்கும் தொல்லையும்தான். நன்மை, தொல்லை இரண்டையும் சேர்த்தே இங்கே மதிப்பிடுகிறேன்.

யாருக்கு இது தேவைப்படும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒருவர் மட்டும் பயன்படுத்தும் மடிக்கணினிக்கு இது பெரும்பாலும் வேண்டாத வேலை. ஆனால் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தையோ டிடிபி நிலையத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கணினியில், ஒரே டி டிரைவில், நாலைந்து பேர் மாறி மாறி உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். பார்ட்டி வாரியாக ஒரு கோப்புறை, அதற்குள் 2022-23, 2023-24 என்று ஆண்டு வாரியாக ஒன்று, அதற்குள் ஜிஎஸ்டி, வருமான வரி, வங்கி அறிக்கை என்று இன்னும் சில. கணக்கு மென்பொருளான டேலி தன் நிறுவனத் தரவுகளை வெறும் எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்புறைகளில் வைக்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு அந்த எண் எதையும் உணர்த்தாது, ஏதோ வேண்டாத குப்பை என்றுதான் தோன்றும். கோப்புகளுக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான்.

அந்த ஆபத்து எப்படி வருகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. டெலீட் விசையை அழுத்தி ஒரு முழுக் கோப்புறையை இழப்பவர்களைவிட, சுட்டியை அழுத்தியபடியே கை சற்று நகர்ந்து, ஒரு கோப்புறையைப் பக்கத்துக் கோப்புறைக்குள் இழுத்துப் போட்டுவிடுகிறவர்களே அதிகம் என்பது என் அனுபவம். ஒரே டிரைவுக்குள் இப்படி நகர்த்துவது கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். எந்தக் கேள்வியும் எழாது. முருகன் ஸ்டோர்ஸ் கணக்கு முழுவதும் பட்டியலில் அதற்கு முன்னால் இருக்கும் முரளி ஏஜென்சீஸ் கோப்புறைக்குள் போய் உட்கார்ந்திருக்கும். மறுநாள் காலையில் ‘கோப்புறை அழிந்துவிட்டது’ என்று கூச்சல் எழும். உடனே கவனித்தால் கன்ட்ரோலும் இசட்டும் அழுத்தி மீட்கலாம். கணினியை நிறுத்திவிட்டுப் போனபின் அந்த வழி இல்லை, தேடல் பெட்டிதான் துணை. ‘டெலீட்’ உரிமையை மறுப்பதன் சிறப்பு இங்கேதான் வெளிப்படுகிறது. என்டிஎஃப்எஸ்ஸின் கணக்கில் ஒரே டிரைவுக்குள் நகர்த்துவதும், பெயர் மாற்றுவதும், நீக்குவதும் ஒரே உரிமையைக் கேட்கும் செயல்கள். ஆகவே இந்த ஒரு தடை இழுத்துப் போடுவதையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறது.

ரீசைக்கிள் பின் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். விண்டோஸ் 95 காலத்திலிருந்து அந்தத் தொட்டி பலரைக் காப்பாற்றியிருக்கிறது. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதற்கு ஓட்டைகள் உண்டு. ஷிஃப்டுடன் டெலீட் அழுத்தினால் எதுவும் அதில் விழாது. பென்டிரைவிலிருந்து நீக்கியதும், நெட்வொர்க் வழியாக வேறொரு கணினியிலிருந்து நீக்கியதும் அதற்குள் வருவதில்லை. கட்டளைச் சாளரத்தில் நீக்கியதும் அப்படியே. தொட்டிக்கு ஒவ்வொரு டிரைவிலும் ஓர் அளவு வரம்பு இருக்கிறது. அது நிரம்பினால் பழையவை முதலில் வெளியேற்றப்படும். ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’ இயக்கத்தில் இருந்தால், குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் தொட்டியில் கிடப்பதை அது தானாகவே காலிசெய்துவிடும். வழக்கமான அமைப்பில் அது 30 நாள். மேலும், விண்டோஸ் 7 வரை நீக்கும் ஒவ்வொரு முறையும் ‘உறுதியாகத்தான் சொல்கிறீர்களா’ என்று கேட்ட பெட்டி, விண்டோஸ் 8-இலிருந்து வழக்கமான அமைப்பில் எடுக்கப்பட்டுவிட்டது. தொட்டியின் மீது வலது சொடுக்கி, ‘ப்ராப்பர்டீஸ்’ சென்று, நீக்குவதை உறுதிசெய்யக் கேட்கும் பெட்டியை மீண்டும் இயக்கிவைப்பது ஒரு நிமிட வேலை. இதை எல்லா அலுவலகங்களிலும் செய்துவிட வேண்டும் என்பேன். எனினும் நாள் முழுவதும் அந்தப் பெட்டியைப் பார்த்துப் பழகிய கை, படிக்காமலே ‘யெஸ்’ அழுத்தும் என்பதையும் மறக்கக் கூடாது.

பலர் செய்யும் இன்னொரு முயற்சி, கோப்புறையின் ‘ப்ராப்பர்டீஸ்’ சென்று ‘ரீட் ஒன்லி’ என்ற கட்டத்தை நிரப்புவது. கோப்புறையைப் பொறுத்தவரை இதனால் ஒரு பயனும் இல்லை. அந்த அடையாளத்தை, தனிப்பயனாக்கப்பட்ட கோப்புறைகளை அறிந்துகொள்வதற்காக ஃபைல் எக்ஸ்ப்ளோரர் தன் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்துகிறதே தவிர, அதைக் கண்டு நீக்குவதை நிறுத்துவதில்லை. ‘ஹிட்டன்’ ஆக்கி மறைத்துவைப்பது அதைவிடச் சற்று மேல் என்றாலும், தினமும் திறந்து வேலை செய்ய வேண்டிய கோப்புறையை மறைத்துவைத்து என்ன பயன்? கடைகளிலும் இணையத்திலும் ‘ஃபோல்டர் லாக்’ என்ற வகையில் விற்கப்படும் மென்பொருள்களில் பெரும்பாலானவை கடவுச்சொல் இட்டு அடுத்தவர் கண்ணிலிருந்து மறைப்பதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் நோக்கம் வேறு, நம் தேவை வேறு. கடவுச்சொல் மறந்துபோனால் நீக்கியதற்குச் சமமான நிலைமைக்கு அவை கொண்டுபோய் நிறுத்தும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி, தடையை அமைக்கும் முறை. கோப்புறையின் மீது வலது சொடுக்கி ‘ப்ராப்பர்டீஸ்’, அதில் ‘செக்யூரிட்டி’ என்ற பக்கம், அதன் கீழே ‘அட்வான்ஸ்டு’ என்ற பொத்தான். வரும் பட்டியலின் கீழே ‘ஆட்’ அழுத்தினால் புதிய சாளரம் திறக்கும். மேலே ‘செலக்ட் எ பிரின்சிபல்’ என்பதைச் சொடுக்கி, எல்லோரையும் குறிக்கும் ‘எவ்ரிஒன்’ என்ற பெயரை ஆங்கிலத்தில் தட்டி ‘ஓகே’ கொடுக்க வேண்டும். அடுத்து ‘டைப்’ என்பதை ‘அலவ்’ என்பதிலிருந்து ‘டினை’ என்று மாற்ற வேண்டும். ‘அப்ளைஸ் டு’ என்ற இடத்தில் ‘திஸ் ஃபோல்டர் ஒன்லி’ என்பதைத் தேர்வுசெய்ய வேண்டும். வலப்பக்கம் ‘ஷோ அட்வான்ஸ்டு பெர்மிஷன்ஸ்’ என்று ஒரு தொடுப்பு இருக்கும். அதை அழுத்தினால்தான் ‘டெலீட்’ என்ற தனிக் கட்டம் கண்ணில் படும்.

இந்தச் சாளரத்தில் ஒரு பொறி இருக்கிறது. புதிய பதிவு ஒன்றைத் தொடங்கும்போதே படித்தல், உள்ளடக்கத்தைப் பட்டியலிடுதல், இயக்குதல் ஆகிய கட்டங்கள் நிரப்பப்பட்ட நிலையில்தான் சாளரம் திறக்கும். ‘அலவ்’ பதிவுக்கு அது வசதி. ‘டினை’ என்று மாற்றியவுடன் அதே கட்டங்களின் பொருள் தலைகீழாகிவிடும்: யாரும் இந்தக் கோப்புறையைத் திறக்கக் கூடாது என்று ஆகிவிடும். ஆகவே கட்டங்களுக்குக் கீழே வலப்பக்கம் இருக்கும் ‘கிளியர் ஆல்’ என்பதை முதலில் அழுத்தி எல்லாவற்றையும் காலிசெய்துவிட்டு, ‘டெலீட்’ ஒன்றை மட்டும் நிரப்ப வேண்டும். அதன் அருகிலேயே ‘டெலீட் சப்ஃபோல்டர்ஸ் அண்ட் ஃபைல்ஸ்’ என்று இன்னொரு கட்டம் இருக்கும்; அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ‘ஓகே’ கொடுத்தவுடன், மறுக்கும் பதிவுகள் அனுமதிக்கும் பதிவுகளை மீறிச் செயல்படும் என்று விண்டோஸ் எச்சரித்து, தொடரலாமா என்று கேட்கும். அந்த எச்சரிக்கையைப் படித்துவிட்டு ‘யெஸ்’ கொடுப்பது நல்லது, ஏனென்றால் ‘கிளியர் ஆல்’ மறந்தவர்களுக்கு அதுவே கடைசி வாய்ப்பு. அப்படியே பூட்டிக்கொண்டாலும் கோப்புறையின் உரிமையாளர் அனுமதிப் பட்டியலை எப்போதும் திருத்த முடியும் என்பதால், கோப்புகள் போய்விடாது, பதற்றம்தான் மிச்சம்.

அமைத்து முடித்தபின் அந்தக் கோப்புறையைத் தேர்ந்து டெலீட் அழுத்திப் பாருங்கள். இந்தச் செயலுக்கு உங்களுக்கு அனுமதி தேவை என்று சொல்லும் ஒரு பெட்டி வரும். மீண்டும் முயல ஒரு பொத்தான், கைவிட ஒரு பொத்தான். பக்கத்துக் கோப்புறைக்குள் இழுத்துப் போட்டுப் பார்த்தாலும் அதே பதில். உள்ளே இருக்கும் எக்செல் கோப்பைத் திறந்து, திருத்தி, சேமித்தால் எந்தத் தடங்கலும் இல்லை. வேலையும் நிற்கவில்லை, தவறும் நடக்கவில்லை. இந்த அளவில் நின்றுவிட்டால் இதற்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடலாம்.

ஆனால் சிலருடைய கணினியில் இதே படிகளைச் செய்த பிறகும் கோப்புறை நீங்கிவிடும். காரணம் என்டிஎஃப்எஸ்ஸின் விதியில் இருக்கிறது: ஒரு பொருளை நீக்க அந்தப் பொருளின் மீது ‘டெலீட்’ உரிமை இருக்க வேண்டும், அல்லது அதைத் தாங்கியிருக்கும் வெளிக் கோப்புறையின் மீது ‘டெலீட் சப்ஃபோல்டர்ஸ் அண்ட் ஃபைல்ஸ்’ உரிமை இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும். ‘ஃபுல் கன்ட்ரோல்’ எனப்படும் முழு உரிமை உள்ளவருக்கு இந்த இரண்டாவது உரிமையும் உண்டு. ‘மாடிஃபை’ எனப்படும் திருத்தும் உரிமை மட்டும் உள்ளவருக்கு அது கிடையாது. உங்கள் ‘டாக்குமென்ட்ஸ்’, ‘டெஸ்க்டாப்’ ஆகியவற்றின் மீது உங்களுக்கு இருப்பது ஃபுல் கன்ட்ரோல். எனவே அவற்றுக்குள் இருக்கும் கோப்புறைக்கு மட்டும் தடை போட்டால், பின்வாசல் திறந்தே இருக்கும். மாறாக, டி டிரைவின் வேரில், அதாவது டிரைவைத் திறந்தவுடன் தெரியும் மேல்மட்டத்தில், நேரடியாக உருவாக்கிய கோப்புறைகளுக்கு விண்டோஸின் இயல்பான ஏற்பாட்டில் பயனர்களுக்கு மாடிஃபை அளவே கிடைக்கிறது. அங்கே ஒரு தடையே பலிக்கும். டாக்குமென்ட்ஸுக்குள்தான் வைப்பேன் என்பவர்கள், வெளிக் கோப்புறையின் மீது ‘டெலீட் சப்ஃபோல்டர்ஸ் அண்ட் ஃபைல்ஸ்’ உரிமையையும் மறுக்க வேண்டும். அலுவலக வேலையை டாக்குமென்ட்ஸில் குவிக்காமல் தனி டிரைவில் வைப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இதே விதியால் இன்னொரு விளைவும் உண்டு. நிர்வாகிக் கணக்கில் இருப்பவர் டி டிரைவில் தடையிட்ட கோப்புறையை நீக்க முயன்றால், நிர்வாகி அனுமதி வேண்டும் என்று விண்டோஸ் கேட்கும். அவர் ‘கன்டினியூ’ அழுத்தினால், நிர்வாகிகளுக்கு டிரைவின் வேரில் ஃபுல் கன்ட்ரோல் இருப்பதால், தடை தாண்டப்பட்டுவிடலாம். தவறுதலைத் தடுக்க இது போதும். ஏனென்றால் இடையில் அந்த ‘கன்டினியூ’ கேள்வி நிற்கிறது. பிடிவாதமாக நீக்க நினைப்பவரை நிறுத்த இது போதாது. ஊழியர்கள் எல்லோரும் நிர்வாகிக் கணக்கில் உட்காரும் வழக்கத்தை விட்டு, அவர்களுக்கு ‘ஸ்டாண்டர்டு’ கணக்கு உருவாக்கிக் கொடுத்தால் அந்த ‘கன்டினியூ’ நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். அந்த மாற்றம் ஒன்றே பாதித் தொல்லையைக் குறைத்துவிடும்.

இப்போது தொல்லைகள். ‘திஸ் ஃபோல்டர் ஒன்லி’ என்று நான் வலியுறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. பாதுகாப்பு இன்னும் பலமாக இருக்கட்டும் என்று, உள்ளே இருக்கும் எல்லாக் கோப்புறைகளுக்கும் கோப்புகளுக்கும் சேர்த்துத் தடையைப் பரப்பிவிடுகிறவர்கள் உண்டு. அன்று மாலைக்குள் அலுவலகத்தில் யாரும் வேர்டில் எதையும் சேமிக்க முடியாத நிலை வந்துவிடும். வேர்டு ஒரு கோப்பை அதே இடத்தில் நேரடியாகத் திருத்தி எழுதுவதில்லை. தற்காலிகக் கோப்பு ஒன்றில் புதியதை எழுதி, பழையதன் பெயரை மாற்றி, புதியதற்கு உரிய பெயரைக் கொடுத்து, பிறகு பழையதை நீக்குகிறது. பெயர் மாற்றவும் நீக்கவும் உரிமை இல்லாத இடத்தில் இந்தச் சங்கிலி பாதியில் அறுந்துபோகிறது. சேமிக்க முடியவில்லை என்ற செய்தி வரும், ‘~$’ என்று தொடங்கும் தற்காலிகக் கோப்புகளும் தங்கிவிடும். அவற்றையும் நீக்க முடியாது. இதே முறையில் சேமிக்கும் மென்பொருள்கள் வேறு பலவும் உண்டு.

கோப்புகளை விட்டுவிட்டுக் கோப்புறைகளுக்கு மட்டும் பரப்பினால்? அதிலும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. எக்ஸ்ப்ளோரரில் புதிய கோப்புறை உருவாக்கும்போது, ‘நியூ ஃபோல்டர்’ என்ற பெயரில் அது முதலில் வட்டில் உருவாகிவிடுகிறது. நாம் தட்டச்சு செய்யும் பெயர் அதன் பிறகு நடக்கும் பெயர் மாற்றம். தடை வெளிக் கோப்புறையிலிருந்து இறங்கி வந்திருந்தால், புதிய கோப்புறை பிறந்த கணமே தடைக்கு உட்பட்டுவிடும்: பெயர் மாற்ற முடியாது, நீக்கவும் முடியாது. ‘நியூ ஃபோல்டர்’, ‘நியூ ஃபோல்டர் 2’, ‘நியூ ஃபோல்டர் 3’ என்று வரிசையாகக் கிடக்கும் ஒரு டிரைவை எங்கேனும் பார்த்தால், அங்கே யாரோ ‘அப்ளைஸ் டு’ என்ற கட்டத்தைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே எலும்புக்கூட்டுக்கு மட்டும் தடை, சதைக்கு வேண்டாம் என்பதே என் பரிந்துரை. பார்ட்டி கோப்புறைகளுக்கும், அவற்றுக்குள் ஆண்டுக் கோப்புறைகளுக்கும், டேலியின் எண் கோப்புறைகளுக்கும் தனித்தனியாக, ‘திஸ் ஃபோல்டர் ஒன்லி’ என்று தடை போடுங்கள். அதற்கும் கீழே உள்ளவற்றைச் சுதந்திரமாக விட்டுவிடுங்கள். நூறு கோப்புறைகளுக்கு இதைச் சாளரம் சாளரமாகச் செய்வது ஆகிற காரியமல்ல. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸுடன் வரும் ‘ஐகேக்ல்ஸ்’ (icacls) என்ற கட்டளையைத் தெரிந்த ஒருவரிடம் சொன்னால், ஒரே வரியில் ஒரு மட்டத்தில் இருக்கும் எல்லாக் கோப்புறைகளுக்கும் போட்டுவிடுவார். புதிதாக ஒரு பார்ட்டி சேரும்போது அந்தக் கோப்புறைக்கு மட்டும் மீண்டும் செய்ய வேண்டும். அது தானாக நடக்காது என்பது ஒரு குறைதான்.

இந்த ஏற்பாட்டின் பெரிய பலவீனம் வேறொன்று. அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சாதாரணமாக டெலீட் அழுத்தும்போது கோப்புறை முழுசாகத் தொட்டிக்கு நகர்த்தப்படுகிறது; வெளிக் கோப்புறைக்கு உரிமை இல்லையென்றால் செயல் தொடக்கத்திலேயே நின்றுவிடும், உள்ளே ஒன்றும் அசையாது. ஆனால் ஷிஃப்டுடன் டெலீட் அழுத்தினால் கதை வேறு. நிரந்தரமாக நீக்கும்போது, காலியாக இல்லாத கோப்புறையை என்டிஎஃப்எஸ் நீக்காது என்பதால், உள்ளே இருப்பவை ஒவ்வொன்றாக முதலில் நீக்கப்பட்டு, வெளிக் கோப்புறை கடைசியில்தான் முயலப்படும். அந்தக் கடைசிப் படியில்தான் நம் தடை குறுக்கே நிற்கும். அதற்குள் சதையெல்லாம் போய், எலும்புக்கூடு மட்டும் பத்திரமாக இருக்கும். கட்டளைச் சாளரத்திலிருந்து நீக்குவதற்கும் இதே நிலைதான். எனவே இந்தத் தடை, கைதவறிய இழுப்பையும் கைதவறிய டெலீட்டையும் நிறுத்தும். தவறான கோப்புறை என்று தெரியாமல் வேண்டுமென்றே அழிப்பவரை நிறுத்தாது.

முடிந்துபோன ஆண்டுகளின் விஷயத்தில் மட்டும் இந்த எச்சரிக்கைகள் தேவையில்லை. ரிட்டர்ன் தாக்கல் செய்து முடித்து, இனி யாரும் திருத்தப் போவதில்லை என்றான 2019-20 கோப்புறையில், கோப்புகள் உட்பட எல்லாவற்றுக்கும் நீக்கும் உரிமையை மறுத்துவிடலாம். எழுதும் உரிமையையும் சேர்த்து எடுத்துவிட்டு, படிக்கும் உரிமையை மட்டும் விட்டுவைப்பது இன்னும் நல்லது. அங்கே வேர்டு சேமிக்க வேண்டிய தேவையே இல்லை, புதிய கோப்புறையும் பிறக்கப் போவதில்லை. ஷிஃப்ட் டெலீட்டும் அங்கே பலிக்காது. இந்த வசதி தன் முழு வலிமையைக் காட்டுவது பழைய ஆவணங்களில்தான். புகைப்பட நிலையங்கள் முடிந்த கல்யாணங்களின் மூலப் படங்களை இப்படி உறையவைத்துவிடலாம். என்றாலும், இதற்காக இத்தனை சாளரங்களைத் தாண்டிப் போக வேண்டியிருப்பது நியாயமில்லை என்பதே என் எண்ணம். மேக் கணினியில் ‘கெட் இன்ஃபோ’ திறந்து ‘லாக்டு’ என்ற ஒரே கட்டத்தை நிரப்பினால், குப்பைக்கு இழுக்கும்போது அது பூட்டப்பட்டிருக்கிறது என்று ஃபைண்டர் நிறுத்திக் கேட்கும். லினக்ஸில் ஒரே கட்டளையால் ஒரு கோப்பை ‘மாறாதது’ என்று குறித்துவிட்டால், அந்தக் குறியை எடுக்கும் வரை தலைமைப் பயனரான ரூட்டாலும் அதை அழிக்க முடியாது. முப்பது ஆண்டுகளாகியும் விண்டோஸில் இப்படி ஒற்றைக் கட்டம் வரவில்லை.

டிரைவைப் பொறுத்தும் வரம்பு உண்டு. எக்ஸ்ஃபேட், ஃபேட்32 முறைமைகளில் அனுமதிப் பட்டியல் என்பதே இல்லை. பென்டிரைவின் ‘ப்ராப்பர்டீஸ்’ திறந்து ‘செக்யூரிட்டி’ பக்கத்தைக் காணோமே என்று தேடுகிறவர்கள், அது இந்த வகையில் ஃபார்மேட் செய்யப்பட்டது என்று புரிந்துகொள்ள வேண்டும். தடையிட்ட கோப்புறையை வேறொரு டிரைவுக்குச் சாதாரணமாக நகலெடுத்தால், தடை கூடவே போகாது. நகல் தான் போய்ச்சேர்ந்த இடத்தின் அனுமதிகளை ஏற்றுக்கொள்ளும். ஆனால் வட்டையே கழற்றி வேறு கணினியில் மாட்டினால், தடை அங்கேயும் செயல்படும். ‘எவ்ரிஒன்’ என்ற பெயருக்குப் பின்னால் இருக்கும் அடையாள எண் எல்லா விண்டோஸ் கணினிகளிலும் ஒன்றே. பழைய வட்டிலிருந்து ஏன் நீக்க முடியவில்லை என்று குழம்புபவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

கோப்புகள் ஒரு சர்வரிலோ, நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்பகமான நாஸ் பெட்டியிலோ இருந்தால் கணக்கு மாறும். நெட்வொர்க் வழியாக நீக்கியவை நம் கணினியின் தொட்டிக்கு வராது என்று மேலே சொன்னேன். சினாலஜி போன்ற நாஸ் பெட்டிகளில் பகிரப்பட்ட ஒவ்வொரு கோப்புறைக்கும் தனித் தொட்டியை இயக்கும் வசதி இருக்கிறது. அதை இயக்கினோமா என்று ஒரு முறை உறுதிசெய்துகொள்ள வேண்டும். விண்டோஸ் சர்வரில் 2003 பதிப்பிலிருந்து ‘ஷேடோ காப்பி’ உண்டு. வழக்கமான அட்டவணையில் அது திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7 மணிக்கும் நண்பகல் 12 மணிக்கும் ஒரு நிலையைப் பதிந்துவைக்கிறது. ‘ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்’ வழியாகப் பயனரே பழைய நிலையைத் திறந்து பார்க்கலாம். ஆறு நாளும் இயங்கும் நம் அலுவலகங்கள் அந்த அட்டவணையில் சனிக்கிழமையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அழிந்த பின் மீட்கும் வழிகள் இந்தத் தடைக்கு மாற்று அல்ல, துணை. விண்டோஸ் 8-உடன் வந்த ‘ஃபைல் ஹிஸ்டரி’ வெளி வட்டு ஒன்றில் மணிக்கு ஒருமுறை மாறிய கோப்புகளைச் சேர்த்துவைக்கிறது, நல்ல வசதி. விண்டோஸ் 11-இல் அதைக் கன்ட்ரோல் பேனலுக்குள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அது காப்பது லைப்ரரி, டெஸ்க்டாப் முதலியவற்றை மட்டும். நம் டி டிரைவுக் கோப்புறையை ஒரு லைப்ரரியில் சேர்க்காவிட்டால் அதை எட்டிப் பார்க்காது. ஒன்டிரைவ் கோப்புறையில் வைத்திருப்பதால் பாதுகாப்பு என்று எண்ணுவோருக்கு ஒரு சொல்: அங்கே நீக்கியது எல்லாக் கணினிகளிலும் நீங்கும், தனிநபர் கணக்கில் அதன் தொட்டி 30 நாள்தான் வைத்திருக்கும். மைக்ரோசாஃப்ட் 2020-இல் வெளியிட்ட ‘விண்டோஸ் ஃபைல் ரிகவரி’ இலவசம் என்றாலும் கட்டளை வடிவில் மட்டுமே இயங்கும். எஸ்எஸ்டி வட்டுகளில் நீக்கிய இடத்தை ‘ட்ரிம்’ என்ற கட்டளை உடனுக்குடன் துடைத்துவிடுவதால், எந்த மீட்பு மென்பொருளையும் நம்பி இருக்க முடியாது.

தவறு எப்போதும் பயனரின் கையிலிருந்தே வருவதில்லை என்பதற்கு 2018 அக்டோபர் ஓர் எடுத்துக்காட்டு. விண்டோஸ் 10-இன் 1809 புதுப்பிப்பு சில கணினிகளில், வேறிடத்துக்கு மாற்றப்பட்டிருந்த டாக்குமென்ட்ஸ் போன்ற கோப்புறைகளின் பழைய இடத்தில் இருந்த கோப்புகளை அழித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே வெளியீட்டை நிறுத்தி, திருத்திய பதிப்பை நவம்பர் 13 அன்று மீண்டும் வெளியிட்டது. கணினியின் உச்ச அதிகாரத்தில் இயங்கும் ஒரு புதுப்பிப்பின் முன் எந்தக் கோப்புறைத் தடையையும் நம்பிக்கொண்டிருக்க முடியாது. வேறு வட்டில் இருக்கும் நகல் மட்டுமே அங்கே உதவும்.

கைதவறி இழுப்பதுதான் முதல் எதிரி என்பவர்களுக்கு இன்னொரு சிறு திருத்தம் பயன்படும். சுட்டியை அழுத்தியபடி எத்தனை பிக்சல் நகர்ந்தால் அதை இழுப்பாகக் கொள்ள வேண்டும் என்பதற்கு, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘டிராக் ஹைட்’, ‘டிராக் விட்த்’ என்று இரண்டு மதிப்புகள் உள்ளன. வழக்கமான அளவு 4. மடிக்கணினியின் தொடுபலகையில் இது மிகக் குறைவு. பயனரின் ‘கன்ட்ரோல் பேனல்’ பிரிவில், ‘டெஸ்க்டாப்’ என்பதன் கீழ் இரண்டையும் 40 அல்லது 50 ஆக்கி, வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால், விரல் நடுங்கியதற்கெல்லாம் கோப்புறைகள் இடம்பெயர்வது நின்றுவிடும். வேண்டுமென்று இழுப்பதற்குச் சற்று அதிகத் தூரம் இழுக்க வேண்டும், அவ்வளவே.

மதிப்பெண் கேட்டால், முடிந்த ஆண்டுகளின் கோப்புறைகளுக்கு ஐந்துக்கு ஐந்து. நடப்பு வேலைக்கு, எலும்புக்கூட்டோடு நிறுத்திக்கொள்வோருக்கு நான்கு. எல்லாவற்றுக்கும் பரப்பிவிடுவோருக்கு ஒன்று. அமைப்பதற்கு ஓர் அரைநாள் ஒதுக்குங்கள், யாரும் வேலையில் இல்லாத நேரமாகப் பார்த்து. முதலில் வேண்டாத கோப்புறை ஒன்றின் மீது தடை போட்டு, சாதாரண டெலீட், இழுப்பு, வேர்டில் சேமிப்பு, புதிய கோப்புறை ஆகிய நான்கையும் செய்து பாருங்கள். தொடங்குவதற்கு முன் ‘ஐகேக்ல்ஸ்’ கட்டளையின் ‘சேவ்’ வசதியால் இப்போதுள்ள அனுமதிப் பட்டியலை ஒரு கோப்பாக எடுத்து வேறு டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏதேனும் கோணலாகப் போனால் ‘ரிஸ்டோர்’ கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பலாம். எந்தெந்தக் கோப்புறைகளுக்குத் தடை போட்டோம் என்பதை ஒரு தாளில் எழுதி அலுவலகத்தில் ஒட்டிவிடுவதும் அவசியம், இல்லையென்றால் அடுத்த ஆண்டு கோப்புறைக்குப் பெயர் மாற்ற முடியவில்லை என்று யாரோ கணினியையே ஃபார்மேட் செய்யப் புறப்பட்டுவிடுவார்.